ஓர் ஆள் படகு

1957-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி மலாயா சுதந்திரம் அடையப்போகிறது என்று தெரிந்ததும் நானும் ஒரு முடிவுக்கு வந்தேன். அதே நாளில் நானும் அடைந்துவிடுவது.

நாட்டுக்கு முழு விடுதலை. எனக்கு அவ்வளவு பேராசை இல்லை. ஒன்றரை நாள் போதும். சனிக்கிழமை காலையில் போய் ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்பிவிடுவேன்.

என் பெயர் கலியாணசுந்தரம். மலாக்கா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். வீடு காஜா பெராங்கில். மனைவி பெயர் சிவகாமசுந்தரி. நான் சுந்தரம், அவள் சுந்தரி. பொருத்தம் பார்த்த ஜோசியர் இதை மட்டும்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். எட்டு வயதில் சந்திரமதி என்று ஒரு மகள். பதினோரு வருடக் குடித்தனத்தில் சண்டையே கிடையாது. அவள் சொல்வதை நான் கேட்பேன். நான் சொல்ல வேண்டியதையும் அவளே சொல்லிவிடுவாள்.

யாரிடமிருந்து சுதந்திரம் என்று நீங்கள் கேட்கலாம். சிவகாமியிடமிருந்து இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை அவளும் படிப்பாள். என் அக்கா காமாட்சியிடமிருந்து.

அக்கா சிரம்பானில் இருக்கிறாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். இன்னும் வளர்த்து முடிக்கவில்லை என்று நினைக்கிறாள். அதுதான் கஷ்டம். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் சமையலறைக்குப் போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பாள். போன தடவை அடுக்களைச் சாமானை எல்லாம் தன் முறைப்படி அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். புளி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சிவகாமிக்கு மூன்று நாள் ஆனது. அக்கம்பக்கத்தார் இருக்கும்போது, மூன்று வயதில் எனக்கு வந்த சிரங்கைப் பற்றி விவரமாகச் சொல்வாள். அது எங்கெங்கே வந்தது என்பது உட்பட.

ஜூலை நடுவில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. “சுதந்திரக் கொண்டாட்டத்தை மலாக்காவில் பார்க்க உத்தேசம். உன் அத்தானும் வருகிறார். வெள்ளிக்கிழமை வந்து நான்கு நாள் இருப்போம். தலையணை உயரமாக இருக்கட்டும்.”

அன்றைக்கு அலுவலகத்தில் என் மேசைமேல் மலாக்காக் கடற்கரை விரிந்து கிடந்தது. பதினான்கு வருடமாக அந்தக் கரையை நான் மையில் வரைந்துகொண்டிருக்கிறேன். அந்தக் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. தஞ்சோங் கிளிங்கைத் தாண்டி ஓர் இடத்தில் கோடு லேசாக உள்ளே வளையும். நகக்கண் அளவு வளைவு. பின்பக்கம் சதுப்பு நிலம், பாதை கிடையாது. ஓர் ஓடை. நாலைந்து சவுக்கு மரங்கள். வீடு என்பதற்கான குறி ஒன்றுகூட இல்லை. கடல் வழியாகத்தான் போக முடியும். அக்காவுக்குக் கடல் என்றால் வாந்தி.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கூடாரத் துணி, ஒரு கெட்டில், ஒரு விளக்கு, ஒரு நான்.

ஆகஸ்ட் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பசியாற உட்கார்ந்திருந்தபோது சிவகாமியிடம் பேச்சை எடுத்தேன்.

“ஆபீஸ்ல ஒரு வேல குடுத்திருக்காங்க.”

“ம்.”

“கடற்கர படத்த நேர்ல போய்ச் சரிபார்க்கணுமாம். சுதந்திரம் வருதுல்ல. புது நாடு. கோடெல்லாம் சரியா இருக்கணும்.”

“ஆமா. இருக்கணும்.”

“முப்பத்தொண்ணாம் தேதி போய்ட்டு மறுநா வந்துருவேன். கரையிலேயே கூடாரம் போட்டுத் தங்கிக்கிறேன். தனியா.”

“அன்னிக்கு லீவாச்சேங்க.”

“லீவு நாள்லதான் கோடு அசையாம இருக்கும்.”

பதினோரு வருடத்தில் இதைவிட மட்டமான பொய்யை நான் சொன்னதில்லை. அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். தோசையைத்தான் பார்த்தாள்.

“சரி, போய்ட்டு வாங்க.”

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிடைத்ததும் மனசாட்சி உறுத்தியது.

“அக்கா வர்ற நேரமாச்சேன்னுதான் யோசிக்கிறேன்.”

“அதுக்கு ஏற்பாடு பண்ணிக்கலாம். எதுல போவீங்க?”

“படகுல.”

“என்ன படகு?”

படகு என்றால் படகு என்றுதான் நான் நினைத்திருந்தேன். விழித்தேன்.

“தனியாப் போறவங்க பாத்து எடுக்கணுங்க. ஒரே ஆள் தள்ளணும், ஒரே ஆள் இழுக்கணும். சாமான் வைக்க எடம் இருக்கணும். நனையக் கூடாது. காத்து அடிச்சா எதிர்த்துப் போகணும்.” இதைச் சொல்லிவிட்டுச் சட்டினி ஊற்றினாள். “இன்னொண்ணு போடவா?”

தோசையைக் கேட்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

முதலில் நான் பார்த்த படகு சம்பான். ஆற்றோரத்தில் சரக்கு ஏற்றும் சீனக் கிழவர் ஒருவர் வாடகைக்குத் தர ஒப்புக்கொண்டார். நல்ல அகலம். தட்டையான அடி. நான் அதில் ஏறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன். அசையவே இல்லை. படுத்துப் பார்த்தேன். தூக்கமே வந்தது. பசாருக்குப் போகிற வழியில் சிவகாமி கூடையோடு வந்து நின்றாள்.

“நல்லா அகலமா இருக்குதுங்க.”

“வீடு மாதிரி. அசையுதா பாரு.”

“அசையல. கொஞ்சம் மேல இழுத்துப் பாருங்களேன்.”

“எதுக்கு?”

“சாயந்தரம் மணல் ஓரமாக் கட்டி வைப்பீங்க. காலையில தண்ணி எறங்கி நூறு அடி தள்ளிப் போயிருக்கும். அப்ப யாரு தள்ளுவா?”

இறங்கி இழுத்தேன். சம்பான் அசையவில்லை. என் முதுகு அசைந்தது, ஒரு சின்னச் சத்தத்தோடு. கிழவர் சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு ஆள் வேண்டும் என்கிறார். சற்று யோசித்து மூன்றாவது விரலையும் நீட்டினார்.

“தண்ணி நூறு அடி எறங்கும்னு ஒனக்கு யாரு சொன்னா?” என்று முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“தண்ணி எறங்குறது தெரியாதா என்ன,” என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய் வாங்கப் போய்விட்டாள்.

இரண்டாவது படகு அலுவலகத்திலேயே கிடைத்தது. எங்கள் தலைமை எழுத்தர் பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். ஊருக்குத் திரும்பிப் போன ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அவருக்கு ஒரு மடக்குப் படகைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். குச்சிகளைக் கோத்து அதன்மேல் கித்தான் துணியை இழுத்து மாட்டினால் படகு. கழற்றினால் இரண்டு பை.

“இஞ்ச பாரும் கலியாணசுந்தரம்,” என்றார் பொன்னுதுரை. “சைக்கிள்ளயே கட்டிக்கொண்டு போகலாம். ஒரு ஆள் இருந்தால் காணும். தூக்கிறதுக்கும் பாரமில்லை.”

“நீங்க இதுல போயிருக்கீங்களா சார்?”

“எனக்குத் தண்ணியெண்டால் பயம்,” என்றார் பொன்னுதுரை.

பையை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் பிரித்தேன். நிறையக் குச்சிகள் இருந்தன. எதை எதில் சொருக வேண்டும் என்று சொல்லும் தாள் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தேன். நான்கு மணிக்குக் கூடத்தில் ஒரு படகு நின்றது. இரண்டு குச்சி மீதி. நாற்காலி, மேசை எல்லாம் வெளியே போய்விட்டன. சந்திரமதி படகுக்குள் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். படகு கூடத்தின் நீளம். வாசல் வழியாகத் திருப்பி எடுக்க முடியாது.

“பரவால்ல,” என்றேன். “கடற்கரையில போய்க் கோத்துக்கலாம்.”

சிவகாமி கைவேலையைப் போட்டுவிட்டு வந்தாள். சந்திரமதியை இறக்கிவிட்டாள். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தாள். படகுக்குள் ஊற்றினாள்.

“என்ன பண்றே?”

“பாக்குறேங்க.”

மூன்று பேரும் நின்று பார்த்தோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடித் தையலில் ஒரு முத்து கட்டியது. அப்புறம் ஒரு மாலையே கட்டியது. தண்ணீர் சிமெண்ட் தரையில் இறங்கி அரிசி மூட்டையை நோக்கி நடந்தது.

“உள்ள ஊத்துனது வெளிய வருதுங்க.”

“நல்லதுதான,” என்றேன். “கடல்ல அல அடிச்சு உள்ள தண்ணி வந்தாலும் தானா வெளிய போயிரும்.”

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பதினோரு வருடத்தில் என்மேல் அவளுக்குச் சேர்ந்திருந்த பாசம் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தாள்.

துடைத்துக்கொண்டே, “மீன் கொண்டாருவாரே பாக் சமாட், கிளேபாங்ல இருக்காரே,” என்றாள். “அவருகிட்ட ஒரு கோலேக் சும்மாத்தான் கெடக்குதாம்.”

கோலேக் என்பது மலாய்க்காரர்களின் சின்ன மரப்படகு. இரண்டு முனையும் கூராக இருக்கும். ஓர் ஆள் உட்காரலாம், ஓர் ஆளுக்கு வேண்டிய சாமான் வைக்கலாம், ஓர் ஆளே மணலில் இழுத்து ஏற்றிவிடலாம். கேட்கும்போதே எனக்குப் பிடித்துவிட்டது. எனக்காகவே செய்த மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவகாமியைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கிளேபாங் போனேன். பாக் சமாட் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். கோலேக்கைக் காட்டினார். பச்சை வண்ணம், விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு. கோடு நேராக இருந்தது. அதை வைத்தே நல்ல படகு என்று முடிவு செய்துவிட்டேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். நடுப் பலகையில் கம்பீரமாக உட்கார்ந்தேன். கோலேக் ஒரு கணம் யோசித்தது. பிறகு என்னைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தான் மட்டும் நிமிர்ந்துகொண்டது.

இரண்டாவது தடவை இடப்பக்கம் விழுந்தேன். மூன்றாவது தடவை எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு மனிதன் முழுசாக மூழ்க முடியும் என்பதை அன்றைக்கு நான் நிரூபித்தேன்.

“பலகையில உக்காராதீங்க,” என்றாள் சிவகாமி கரையிலிருந்து. “கீழ உக்காருங்க. முட்டிய அகட்டி ரெண்டு பக்கமும் முட்டுக் குடுங்க.”

கீழே உட்கார்ந்தேன். கவிழவில்லை. துடுப்புப் போட்டேன். படகு சுற்றியது. இன்னும் வேகமாகப் போட்டேன். இன்னும் வேகமாகச் சுற்றியது. கரை, கடல், சிவகாமி, கரை, கடல், சிவகாமி என்று மாறி மாறி வந்தன.

“ஒரே பக்கம் போடாதீங்க.”

“எந்தப் பக்கம் போட்டாலும் மறுபக்கம் போகுது.”

“எறங்குங்க. காட்டுறேன்.”

சேலையை முழங்கால் வரைக்கும் மடித்து இடுப்பில் செருகினாள். படகை ஒரு தள்ளுத் தள்ளினாள். அது நகரும்போதே, சமையலறையில் மணைப்பலகையில் உட்காருகிற மாதிரி உள்ளே உட்கார்ந்தாள். துடுப்பு தண்ணீரில் இறங்கியதற்குச் சத்தமே இல்லை. கோலேக் நேராகப் போனது. மூங்கில் நட்ட மீன்வேலி வரைக்கும் போய், அதைச் சுற்றி, திரும்பி வந்தது. என் கால் விரலுக்கு முன்னால் வந்து நின்றது.

பாக் சமாட் வலையைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க கத்துக்கிட்ட?” என்றேன்.

“லிங்கி ஆத்துல. எங்கப்பா தோட்டத்துப் படகோட்டிதானே. ரப்பர் மரம் சீவுறவங்கள வெள்ளனா அக்கரையில கொண்டு விடுவார். ஒம்பது வயசுலேர்ந்து பின் துடுப்பு நான்தான்.”

“ஒங்கப்பா தோட்டத்துல வேலன்னுதான சொன்னாங்க.”

“என்ன வேலன்னு நீங்க கேக்கலையே.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள். எனக்குத்தான் தண்ணீருக்குள் நிற்கக் குளிர்ந்தது. மாமனாருக்கு மூட்டுவலி என்று தெரியும். கருவாடு பிடிக்கும் என்று தெரியும். அவர் என்ன வேலை செய்தார் என்று பதினோரு வருடத்தில் கேட்டதில்லை. படகிலிருந்து இறங்கியபோது சிவகாமியின் முகத்தில் ஒன்று இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை. அது அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

மறு ஞாயிறும் போனோம். எனக்குக் கற்றுக் கொடுத்தாள். பொறுமையாகத்தான் கொடுத்தாள். அன்றைக்கு நான் இரண்டு தடவைதான் விழுந்தேன். ஆனால் இரண்டாவது தடவை துடுப்பு கையை விட்டுப்போய், அதைப் பிடிக்கப் பாக் சமாட் நீந்த வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்தவர் துடுப்பை என்னிடம் கொடுக்கவில்லை. சிவகாமியிடம் கொடுத்தார்.

“பினி போலே,” என்றார். “என்சிக் தா போலே.”

மனைவிக்குத் தரலாம், ஐயாவுக்குத் தர முடியாது. அவ்வளவுதான் தீர்ப்பு. நான் மலாயில் கெஞ்சிப் பார்த்தேன். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். கடலை அவருக்கு அறுபது வருடமாகத் தெரியுமாம். என்னை இரண்டு ஞாயிறாகத் தெரியுமாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லையாம்.

சைக்கிளில் திரும்பினோம். நான் மிதித்தேன். பின்னால் சிவகாமி.

“அப்ப பயணம் இல்ல,” என்றேன்.

“ஆபீஸ் வேல என்னாகும்?”

“என்ன ஆபீஸ்... ஆமா. அந்த வேல. வேற யாரயாச்சும் அனுப்புவாங்க.”

“யாருங்க இருக்கா? பொன்னுதுரை சாருக்குத் தண்ணி பயம்னு சொன்னீங்களே.”

நான் மிதித்தேன்.

“புது நாடாச்சே,” என்றாள். “கோடு சரியா இருக்கணுமே.”

இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

“நான் வேணா போய்ப் பாத்துட்டு வரவாங்க? படத்த மடிச்சுக் குடுங்க. எங்க வளஞ்சிருக்கு, எங்க நேரா இருக்குன்னு குறிச்சுட்டு வந்துர்றேன்.”

கூடாது என்று சொல்லலாம். சொன்னால், அலுவலகத்தில் அப்படி ஒரு வேலையே கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், ஏன் ஓடப் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

“அக்கா வர்றாங்களே.”

“ஒங்க அக்காதானே.”

“தனியா பயமா இருக்காதா?”

“பாக் சமாட்டு மீன்வேலி ஒண்ணு அந்தப் பக்கம் இருக்குதாம். சாயந்தரம் ஒரு தடவ, வெள்ளனா ஒரு தடவ அந்த வழியாத்தான் போவாராம். கேட்டு வச்சிருக்கேன்.”

சரி என்றேன். இரண்டு காரணம். ஒன்று, என் பொய். இன்னொன்று, அன்றைக்குப் படகிலிருந்து இறங்கும்போது அவள் முகத்தில் பார்த்தது. இரண்டாவது காரணத்தை அவளிடம் நான் இதுவரை சொல்லவில்லை. படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.

ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அக்கா விடமாட்டாள். வீட்டு மருமகள் தனியாகக் கடலில் போவதாவது. அக்கா ஒரு சத்தம் போட்டால் சிவகாமி வீட்டோடு இருப்பாள், நானும் பழையபடி நிழலாக மூலையில் உட்கார்ந்துகொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா வந்தாள். பின்னால் வேலாயுதம் அத்தான், இரண்டு பெட்டியும் ஒரு குடையுமாக. அத்தான் பேசமாட்டார். அவருக்காகவும் அக்காவே பேசிவிடுவதால் அவருக்குத் தேவைப்படவில்லை. அக்கா உட்கார்ந்து காப்பியைக் கையில் எடுக்கும் வரை பொறுத்திருந்தேன்.

“அக்கா, சிவகாமி நாளைக்குக் கடல்ல தனியாப் போறாளாம். படகுல. கரையில தங்கப்போறாளாம்.”

“தெரியும், அடுப்படியில சொல்லிட்டா,” என்றாள் அக்கா. பிறகு சிவகாமியிடம், “கால்ல ரப்பர் சப்பாத்து போட்டுக்க. சிப்பி குத்தும்,” என்றாள்.

எனக்குக் காது சரியில்லை என்று நினைத்தேன். அக்கா காப்பியைக் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“எங்கிட்ட சொல்ல என்னடா கூச்சம்,” என்றாள். பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். சிவகாமியின் குண்டுக் கையெழுத்து.

“அன்புள்ள அண்ணிக்கு. தங்கள் தம்பிக்கு நெடுநாளாக ஓர் ஆசை. சின்ன வயதில் தாங்கள் சமைத்துப் போட்டு வளர்த்ததற்கு, ஒரு முறையாவது தம் கையால் தங்களுக்குச் சமைத்துப் போட வேண்டுமாம். நான் இருந்தால் அவரை அடுப்படிக்கு விடமாட்டேன். வாய்விட்டுச் சொல்லவும் கூச்சப்படுகிறார். ஆகவே சுதந்திர தினத்தன்று நான் வெளியே போய்விடலாம் என்றிருக்கிறேன். தாங்கள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.”

மேலே தேதி போட்டிருந்தாள். ஜூலை இருபத்திரண்டு.

ஜூலை இருபத்திரண்டாம் தேதி நான் படகு என்ற சொல்லையே வாயில் எடுத்திருக்கவில்லை.

சமையலறைக்குப் போனேன். சிவகாமி அரிசியை ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி மூடியின் ஓரத்தில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாள்.

“எப்படித் தெரிஞ்சுது?”

“சட்ட தொவைக்கிறப்ப பையில ஒரு தாள் இருந்துச்சுங்க. ‘கூடாரத் துணி, கெட்டில், விளக்கு, சார்டின் மூணு. அக்கா எழுமுன் கிளம்பவும்.’ கடைசி வரிக்குக் கீழ கோடு போட்டிருந்தீங்க. நல்லா நேரா இருந்துச்சு.”

“அப்ப சம்பான்? துணிப் படகு? அதெல்லாம்?”

“அதுல ஏதாச்சும் ஒங்களுக்கு ஒத்து வந்திருந்தா ஒங்களயே அனுப்பியிருப்பேன்.” மெழுகை ஊதி ஆற்றினாள். “ஒத்து வராதுன்னு தெரியும். ஆனா வந்திருந்தா அனுப்பியிருப்பேங்க.”

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்குக் கோபம்கூட வரவில்லை. சுதந்திரத்தில் ‘சு’ மட்டும்தான் என்னுடையது. மீதித் தந்திரம் முழுவதும் அவளுடையது.

சனிக்கிழமை காலை ஊரெல்லாம் கொடி. பக்கத்து வீட்டு வானொலியில் கோலாலம்பூர் பேசிக்கொண்டிருந்தது. நானும் அத்தானும் சாமான்களைக் கிளேபாங்குக்குக் கொண்டுபோனோம். சிவகாமி ஒவ்வொன்றாகப் படகில் வைத்தாள். கனமானது நடுவில், கீழே. விளக்கும் தீப்பெட்டியும் மெழுகுத் துணியில் சுற்றி முன்பக்கம். ஒரு கயிற்றால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினாள். என் வரைபடத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“சந்திரமதிக்குத் தல வாரிவிடுங்க. புளி மேல் தட்டுல இருக்கு,” என்றாள். போய்விட்டாள்.

திரும்பிப் பார்ப்பாள் என்று கையைத் தூக்கியபடியே நின்றேன். பார்க்கவில்லை. மஞ்சள் கோடு சிறிதாகிக்கொண்டே போய் முனையைத் தாண்டியதும் மறைந்துவிட்டது. “துடுப்புப் போடுறவங்க திரும்பிப் பாக்க முடியாது,” என்றார் அத்தான். ஆறுதலுக்குச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

துடுப்பு அவள் கையில். அடுப்பு என் கையில். இடுப்பு ஒன்றுதான் எனக்கென்று இருந்தது, அதுவும் வலித்தது. ஊர் முழுவதும் திடலுக்குப் போய்க் கொண்டாடியது. நான் தேங்காய் துருவினேன். அக்கா அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் சிரங்குக் காலத்தைச் சந்திரமதிக்கு முதலிலிருந்து சொன்னாள். சாம்பார் வைத்தேன். கத்தரிக்காய் வதக்கினேன். ஒரு ரசம்கூட வைத்தேன். அக்கா முதல் வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினாள்.

“உப்பு இல்ல,” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இருக்கட்டும்டா. அம்மா ரசம் மாதிரியே இருக்கு.”

அக்கா என் சமையலுக்காக அழுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். இரண்டாம் முறை சோறு வைத்தேன். உப்பைப் பக்கத்தில் வைத்தேன்.

பொழுது சாயும் நேரம் அத்தானைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் கிளேபாங் போனேன். ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் வெகுதூரம் இறங்கியிருந்தது. சிவகாமி சொன்ன நூறு அடிக்கு மேலேயே இருக்கும். பாக் சமாட் அப்போதுதான் வந்து கரையேறினார். சிவகாமி சோறு ஆக்கிக்கொண்டிருந்தாளாம். பாடிக்கொண்டிருந்தாளாம்.

“பாடினாளா?” என்றேன். வீட்டில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்த அத்தான், மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

“மாப்பிள்ள, அந்தப் படகுல ஒரு ஆள்தான் போகலாமா?”

“ஒரு ஆள்தான் அத்தான்.”

“நல்ல படகு,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சிவகாமி வந்தாள். மூக்கும் தோளும் வெயிலில் கறுத்திருந்தன. தலை கலைந்திருந்தது. ஒரு பை நிறையச் சிப்பி கொண்டுவந்திருந்தாள். உள்ளே வந்ததும் வரைபடத்தை என் முன்னால் விரித்தாள்.

“இங்க தப்புங்க. ஓட இந்தப் பக்கம் கடல்ல சேரல. சவுக்கு மரத்துக்கு அந்தாண்ட சேருது. பென்சில்ல குறிச்சிருக்கேன்.”

பதினான்கு வருடமாக அந்த ஓடையை நான் தப்பான பக்கத்தில் ஓடவிட்டிருக்கிறேன். அவள் போட்ட கோடு கொஞ்சம் கோணல். ஆனால் சரியான கோடு.

“எப்படி இருந்துச்சு?” என்றேன்.

வரைபடத்தை மடித்தாள். “யாரும் எதையும் கேக்கல,” என்றாள்.

அவளை உட்காரவைத்து இலை போட்டேன். பதினோரு வருடத்தில் நான் நின்று பரிமாறி அவள் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு உப்பும் சரியாக இருந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. போனது போகட்டும், நாளை மறுநாள் அக்கா ஊருக்குக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள். “தம்பி கையால சாப்பிட்டப்புறம் ஊருக்குப் போக மனசே வரலடா. இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போறோம். அத்தான் சரின்னுட்டார்.”

அத்தான் வாயைத் திறந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. நான் சிவகாமியைப் பார்த்தேன். அவள் இலையை மடித்து எழுந்து, கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

“நல்லதாப் போச்சு அண்ணி, வர்ற சனிக்கிழம காத்து ரொம்ப இருக்காதுன்னு பாக் சமாட் சொன்னாரு.”